மாமாவுக்கு ஒரு நிமிட மௌனம்

அடுத்தவர் நகையைப் பார்த்துப் பொறாமைப்படுவது உலக வழக்கம். நான் ஒருத்தியின் ஞாபகத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

1991-ல் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். தமிழய்யா, சொந்த ஊரையும் சிறுவயது நினைவையும் வைத்துக் கவிதை எழுதச் சொன்னார். சிறந்த கவிதையை ஆண்டு விழாவில் மைக்கில் வாசிக்கலாம், பரிசும் உண்டு. என் வகுப்பு ஸ்டெல்லா, எப்போதோ தொலைத்த கொலுசு, ஏரி வற்றிய கோடையில் சேற்றில் கிடைத்ததை எழுதினாள். அய்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு வயிறு எரிந்தது. (ஏரி வற்றினால் எங்கள் வீட்டில் குடம்தான் காலியாகும். அவளுக்குக் கொலுசு கிடைக்கிறதாம்.)

அம்மாவிடம் போய், "சின்ன வயசுல எனக்கு இன்னாம்மா நடந்துச்சு?" என்று கேட்டேன்.

"இன்னா நடந்துச்சு? துன்னே, தூங்கினே. தட்டைக் கழுவி வெச்சியா?"

இதை வைத்துக்கொண்டு என்ன கவிதை எழுதுவது? வேறு வழியில்லாமல், சைக்கிள் கடை வைத்திருந்த தாய்மாமாவை ஏரியில் மூழ்கடித்தேன். என்னைக் காப்பாற்றக் குதித்தவர் கரையேறவே இல்லை என்று எழுதினேன். (மாமா நன்றாக நீந்துவார். கவிதையில் மட்டும் தெரியாது.) அய்யா இந்த முறை கர்ச்சீப்பையே எடுத்துவிட்டார். ஸ்டெல்லா தோற்றாள்.

மாமா கடையை விட்டு வரமாட்டார் என்ற தைரியத்தில் விழாவில் வாசித்தேன். பரிசாக எவர்சில்வர் டம்ளர் கைக்கு வந்தது. அய்யா மைக்கைப் பிடித்து, "மறைந்த அந்த மாமாவுக்காக ஒரு நிமிடம் மௌனம்" என்றார். பந்தலே எழுந்து நின்றது. அந்த நேரம் பார்த்து மாமா கிரீஸ் கையோடு உள்ளே நுழைந்தார். எல்லாரும் நிற்பதைப் பார்த்துத் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தலைகுனிந்து நின்றார். மேடையில் நான் டம்ளரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

மௌனம் முடிந்ததும் பக்கத்து ஆளிடம் கேட்டிருக்கிறார்: "யாருங்க தவறிட்டது?"

"அந்தப் பொண்ணோட மாமாவாம். சைக்கிள் கடைக்காரராம். பாவம், ஏரில பூட்டாரு."

"அது நான்தாங்க."

சேதி மேடைக்கு வந்தது. அய்யா டம்ளரை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார். அவள் வாசித்து முடித்ததும் முதல் ஆளாகக் கைதட்டியவர் மாமா.

"கல்யாணம் ஆவாத பையனை இப்டியாடி சாவடிப்பே?" என்று அம்மா அன்று எனக்கு விளக்குமாற்றையும் அவருக்கு உப்பு மிளகாயையும் சுற்றினாள்.

இன்றும் எந்த விசேஷமானாலும், "எனக்குத் தெவசம் குடுத்தியாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் மாமா இலையில் உட்காருவார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவரைக் கொன்று நான் எழுதியதை ஒரு தடவையாவது வாசிக்கச் சொன்னதில்லை. பாயசம் வந்ததும் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஸ்டெல்லாவின் கொலுசுக் கவிதையை ஒரு வரி விடாமல் சொல்கிறார்.