நாலு மணி நேரக் காற்று

உலகத்தில் ஒருநாள்கூடத் தாமதமாகாத அலுவலகம் ஒன்று உண்டென்றால், கண்மணிகளே, அது எங்கள் காலப் பயண மீட்புத் துறைதான். எப்படித் தாமதமாகும்? நேற்றைக்கே போய் இறங்குகிற வண்டி எங்களிடம் இருந்தது. நான் அங்கே தட்டச்சுக்காரி.

ஒருநாள் காலை பத்தரைக்கு, விண்வெளியில் பழுதாகி நின்றுபோன விண்கலத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல்.

"நாங்க மூணு பேரு இருக்கோம். நாலு மணி நேரத்துக்குத்தான் காத்து. சீக்கிரம் வாங்க!"

வண்டியோட்டி சாவியோடு எழுந்தார். மேலதிகாரி கையமர்த்தினார்.

"எங்கய்யா பறக்கறே? இது கால வண்டி. அடுத்த மாசம் கிளம்பினாக்கூட இன்னிக்குப் பதினோரு மணிக்குப் போய் இறங்கலாம். மொதல்ல கூட்டம் போடுவோம்."

"அந்தம்மாவுக்கு மூச்சு முட்டுது சார்."

"அவங்க பதறினா நாமளும் பதறணுமா? துறைக்குன்னு ஒரு மரியாதை இல்ல?"

என்ன ஞானம்! கூட்டம் கூடியது. முடிவு தெரியாமல் கிளம்புவது மடமை என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. மேலதிகாரியும் வண்டியோட்டியும் அடுத்த வருடத்துக்கு ஒரு ‘முன்னறிதல் பயணம்’ போய், எங்கள் அலமாரியிலேயே இருந்த இந்த மீட்புக் கோப்பைப் படித்துவிட்டு இரண்டே நிமிடத்தில் திரும்பினார்கள். மேலதிகாரிக்கு முகமெல்லாம் பல்.

"மூணு பேரையும் மீட்டாச்சு! நம்ம முத்திரையோட எழுதியிருக்கு!"

"அப்போ கிளம்பலாமா சார்?"

"எதுக்குய்யா? மீட்டவங்களையே மறுபடி மீட்டா ஊரு சிரிக்காது?"

"நான் போகலியே சார். யாரு மீட்டது?"

"கோப்பைவிட உனக்கு அதிகம் தெரியுமோ?"

பிறகு ஒலிவாங்கியைப் பிடித்து, தாயினும் சாலப் பரிந்து சொன்னார்: "கவலைப்படாதீங்கம்மா. உங்களைக் காப்பாத்தியாச்சு."

"எப்போங்க?" என்றது குரல்.

இரண்டரை மணிக்கு ஒலிபெருக்கி அடங்கியது. ‘மேற்கொண்டு புகார் இல்லை’ என்று குறித்துக்கொண்டோம்.

"இப்பக்கூட காலைல பத்தரைக்கே போயிடலாம் சார்" என்று வண்டியோட்டி கெஞ்சினார்.

"முடிஞ்ச கோப்புக்கு வண்டி எடுக்க விதி இல்லப்பா" என்ற மேலதிகாரி, என் பக்கம் திரும்பினார். "அடுத்த வருஷம் அலமாரியில அந்த அறிக்கை இருந்துச்சேம்மா. இன்னும் யாரும் அடிக்கலியா? சட்டுனு அடிச்சு வெச்சிடு."

‘மூவரும் பத்திரமாக மீட்கப்பட்டனர்’ என்று அடித்தேன். முத்திரை குத்தி அலமாரியில் வைத்தேன்.

அந்த மூன்று பேரைக் கொன்ற வரியில், கண்மணிகளே, ஓர் எழுத்துப் பிழைகூடக் கிடையாது. மேலதிகாரி அதற்காகவே என்னைப் பாராட்டினார்.