கணக்கில் வராத காப்பி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை தனபால் அவர்களுக்கு,

தங்கள் நலமும் கோழிப்பண்ணையின் நலமும் அறிய ஆவல். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

உங்கள் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமனான என் பெயரைக் கடைசி வரியில் போட்டீர்கள், மன்னித்துவிட்டேன். ராசிபுரம் கல்யாணப் பந்தியை மன்னிக்கவில்லை. என் இலைக்கு மைசூர்பாகு வந்தபோது, "எங்க மச்சானுக்குச் சர்க்கரைங்க, வெச்சுப்போடாதீங்க" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னீர்கள். பக்கத்து இலைக்காரர் ரசம் வரும் வரை தன் கால் புண்ணைப் பற்றியே பேசினார்.

அந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது? நாமக்கல்லில் ரத்தப் பரிசோதனைக்குப் போகும் வழியில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்றேன். வந்தவரை வாய் நனைக்காமல் அனுப்பும் வழக்கம் நமக்கு ஏது? என் தங்கை அறிவுச்செல்வி காப்பியை நீட்டினாள். "நாட்டுச் சக்கரைதானுங்க மச்சான், அது கணக்குல வராது. மாசாமாசம் நானே இதைக் குடிச்சுப்போட்டுத்தான் ரத்தம் குடுக்கப் போறேன்" என்றீர்கள். குடித்தேன். நூற்று நாற்பத்தைந்து வந்தது.

பிறகு ஒருநாள், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தண்ணீர் தவிர எதையும் தொடாமல், காலையில் உங்கள் தெருவைத் தவிர்த்துப் போய்க் கொடுத்தேன். நூற்றுப் பன்னிரண்டு. எட்டு மணி நேரமாவது பட்டினி கிடந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் என்றார் டாக்டரம்மா. நூற்றுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. நூற்று இருபத்தாறோ அதற்கு மேலோ வந்தால் மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும். என்னைப் போல நடுவில் நிற்பவர் நடக்கத் தொடங்க வேண்டும். "நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதானுங்க. காப்பி குடிச்சுட்டு வந்தா, நான் அந்தக் காப்பிக்குத்தான் மாத்திரை எழுதுவேன்" என்றார்.

உங்களை ஒரு பிடி பிடிக்கத்தான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அப்போது தங்கை போன் செய்தாள். உங்கள் சர்க்கரைக்கு டாக்டர் மாத்திரையைக் கூட்டியதிலிருந்து நீங்கள் பண்ணையில் வேர்த்து, நடுங்கி, உட்கார்ந்துவிடுகிறீர்களாம். காப்பியால் ஏறிய எண்ணுக்கு மாத்திரை கூடி, சர்க்கரை மிதமிஞ்சி இறங்குகிறதோ என்று காப்பி விஷயத்தைச் சொன்னேன்.

"நான் சொன்னா 'உங்கண்ணன் சொன்னானா'ன்னு கேப்பாருங்ணா. நீங்க சொன்னீங்கன்னு தெரிஞ்சா வேணும்னே இன்னொரு டம்ளர் குடிப்பாரு" என்றாள்.

ஆகவே மாப்பிள்ளை, மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். உடனே டாக்டரிடம் போங்கள். நடுக்கத்தைச் சொல்லுங்கள், காப்பியையும் மறைக்காமல் சொல்லுங்கள். எனக்கு இருப்பது ஒரே தங்கை. அவளுக்கு இருப்பது நீங்கள்.

திருச்செங்கோட்டு மலையான் உங்களைக் காக்கட்டும்.

பி.கு.: காதுகுத்து, மைசூர்பாகு இரண்டும் எனக்குப் பிறர் சொல்லித் தெரிந்தவை. எனக்கு நாமக்கல்லில் தங்கையும் இல்லை. நான் யாரென்று உங்களுக்குத் தெரியாது, ஆகவே வீம்புக்கு இன்னொரு டம்ளர் குடிக்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.