பூத்தண்ணி ரைட்டர்

காப்பி எஸ்டேட்டில் சம்பளம் வாங்கிக்கொண்டு, காப்பி எஸ்டேட் கொடுத்த வீட்டில் குடியிருந்துகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "காப்பி குடிக்காதீங்க" என்று பிரசாரம் செய்த மனிதர் சேர்வராயன் மலையில் ஒருவர்தான் இருந்தார். இன்னொருவர் இருந்திருந்தால் மலை தாங்கியிருக்காது.

எஸ்டேட் ஆபீசில் அவர் ரைட்டர். காலையில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பதிவேட்டில் குறிப்பது அவர் வேலை. ஊரார் பெயரையெல்லாம் நாள் தவறாமல் கூப்பிட்ட அவரை, அவருடைய பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் பூத்தண்ணி ரைட்டர்.

எழுபதுகளில் மாரமங்கலம் போகிற வழியிலிருந்த அந்த எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகப் போனேன். அடிவாரத்தில் பஸ் ஏறும்போது இருந்த தெம்பையெல்லாம் கொண்டை ஊசி வளைவுகளில் ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, தலை கிறுகிறுக்க, இறங்கிய இடத்திலேயே டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். ஒரு கையில் குடை, மறு கையில் கெட்டிலோடு ஒருவர் வந்து நின்றார்.

"ஏனுங்க, புதுசா வந்த டீச்சருங்களா? மொதல்ல இதைக் குடிங்க. பேச்செல்லாம் அப்பறம் வெச்சுக்கலாமுங்க."

டம்ளரில் வெளிறிய மஞ்சள் நிறத்தில் வெந்நீர். வைக்கோலை ஊறப்போட்டது போல ஒரு வாசனை. ஒரு வாய் குடித்துவிட்டு, மரியாதை தெரியாதவளாக, "காப்பி கிடைக்காதா?" என்று கேட்டுவிட்டேன்.

"காப்பிங்கறது விக்கறதுக்குங்க டீச்சர், குடிக்கறதுக்கில்லீங்க" என்றார், பாவம் இந்தப் பெண் என்கிற முகத்தோடு.

அந்தத் தண்ணீருக்கு மூலப்பொருள் சீமைச்சாமந்தி. நம் ஊர்ச் சாமந்திக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். சட்டைப் பொத்தான் அளவுக்குப் பூ, நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெள்ளை இதழ். பழைய வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சமையலறை ஜன்னலுக்குக் கீழே அது வளர்ந்திருந்தது. நாடு விடுதலை அடைந்து துரை குடும்பம் கப்பலேறியபோது, பங்களாவில் வேலை செய்த சின்னப் பெண் ஒருத்திக்குத் துரைசானி ஒரு உறை நிறைய விதை கொடுத்துவிட்டுப் போனாராம். அந்தப் பெண்தான் பின்னால் ரைட்டருக்கு வாழ்க்கைப்பட்டாள். சீதனமாகப் பித்தளை அண்டா ஒன்றும் இந்த விதையும் வந்தன. அண்டா ஓட்டையாகிப் போயிற்று. விதை ஆபீஸ் பக்கத்தில் நீளமாக ஒரு பாத்தியானது.

அந்தப் பாத்திக்குள் வேறு யாரும் கால் வைக்கக் கூடாது. நாற்றாக இருக்கும்போது சுற்றி முள்ளை வெட்டிப் போட்டுவிடுவார். தை பிறந்து பூக்க ஆரம்பித்த பிறகுதான் தரிசனம். பனி காய்ந்த பிறகு, விரல்களைச் சீப்பு மாதிரி விரித்துக் காம்புக்கு மேலாகக் கோதி எடுப்பார். வெயிலில் போட்டால் குணம் போய்விடும் என்று நிழலில்தான் காயவைப்பார். எஸ்டேட்டில் மழையும் வெயிலும் படாத ஒரே இடம் ஆபீஸ் அலமாரி. எனவே பழைய வருகைப் பதிவேடுகளுக்குள் பூ காய்ந்தது. ஏதாவது சந்தேகம் வந்து மேனேஜர் பழைய பதிவேட்டைத் திறந்தால், நாலு தும்மல் போட்டுவிட்டுச் சந்தேகத்தை மறந்துவிடுவார்.

வயிற்று வலியா, பூத்தண்ணி. தூக்கமில்லையா, பூத்தண்ணி. புருஷன் பெண்டாட்டி சண்டையா, இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு டம்ளர், குடித்து முடிக்கிற வரைக்கும் பேசக் கூடாது. வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு போய், வெயிலில் மலையேறி வருகிறவர்களுக்கு ஊற்றினார். முதல் வருஷம் நீர்மோர் என்று நினைத்து நீளமாக வரிசை நின்றதாம். மறு வருஷம் கெட்டிலைக் கண்ட ஜனம் வேறு பாதையில் ஏறிப் போயிற்று.

ஒருமுறை சேலத்திலிருந்து காப்பிக்கொட்டை வாங்க ஒரு வியாபாரி வந்தார். மேனேஜர் வெளியே போயிருந்தார். உபசரிக்கும் பொறுப்பு ரைட்டர் தலையில் விழுந்தது. வியாபாரி டம்ளரை வாங்கி ஒரு வாய் உறிஞ்சினார். முகம் கோணிற்று.

"ஏனுங்க, இந்த வருசம் சரக்கே இப்பிடித்தானுங்களா?"

"வருசா வருசம் இப்பிடித்தானுங்க. நானே பக்குவம் பண்ணுனதுங்க" என்றார் ரைட்டர், பெருமையாக.

வியாபாரி அடுத்த பஸ்சில் மலையிறங்கிப் போய்விட்டார். மேனேஜர் வந்து குதித்த குதிக்கு ஆபீஸ் ஓடு அதிர்ந்தது. ரைட்டர் அமைதியாக அவர் முன்னாலும் ஒரு டம்ளரை வைத்தார்.

இதெல்லாம் கூடத் தாங்கலாம். தாங்க முடியாதது பொட்டலம். அறுவடை முடிந்ததும் காய்ந்த பூவைப் பத்திரிகைத் தாளில் மடித்து வீடு வீடாகக் கொடுப்பார். கொடுத்துவிட்டு மறக்கிற ஆளாக இருந்தால் பரவாயில்லை. வழியில் கண்டபோதெல்லாம் "குடிச்சீங்களாங்க?" என்று கேட்பார்.

"குடிச்சனுங்க, நொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்று மேஸ்திரி சொல்லுவார். "இப்பல்லாம் வயித்துல சத்தமே இல்லீங்க" என்று வாட்ச்மேன் சொல்லுவார். நான் படித்தவள் இல்லையா, இன்னும் கொஞ்சம் வேலைப்பாடோடு சொல்லுவேன். "முன்னெல்லாம் படுத்தா தூக்கம் வர நேரமாகும் ரைட்டர். இப்ப பாட நோட்டு திருத்தும்போதே கண்ணைச் சுத்துது." அவர் முகம் மலரும். அந்த மலர்ச்சியைப் பார்ப்பதற்காகவே அடுத்த வாரம் இன்னும் பெரிதாகப் புளுகுவேன்.

அவருடைய சம்சாரத்துக்குக் குடலைப் பிசைகிற வயிற்று வலி வெகுநாளாக இருந்தது. எத்தனையோ மருந்து பார்த்தும் அந்த அம்மாவுக்குக் கேட்டது இந்தப் பூத்தண்ணி ஒன்றுதான். ஒரு கார்த்திகையில் வலி அதிகமாகி, சேலத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார் ரைட்டர். இரண்டு வாரம் ஆளில்லை.

அந்த நேரம் பார்த்து எஸ்டேட்டுக்குப் புது மேனேஜர் வந்தார். வருகிற வழியெல்லாம் பார்த்தீனியக் களையைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். உடம்பில் பட்டால் அரிக்கும், தோட்டத்துக்குள் ஒரு செடி இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். பழம் பறிக்க ஆரம்பிக்கும் முன் எப்படியும் களை எடுக்கிற காலம்தான். மேஸ்திரி மாதிரிக்கு ஒரு செடியைக் காட்டினார், இலை நுணுக்கி நுணுக்கிப் பிளந்திருக்கும் என்று சொல்லிவிட்டார். களை எடுக்கிற பெண்கள் ஒழுங்காகச் சரிவெல்லாம் துப்புரவு செய்துகொண்டே ஆபீஸ் பக்கம் வந்தார்கள். அங்கே ரைட்டரின் பாத்தி நிறைய நுணுக்கி நுணுக்கிப் பிளந்த இலை. பூவில்லாமல் அந்தச் செடியை அவர்கள் யாரும் பார்த்ததேயில்லை.

ஐயோ பாவம், மனிதர் ஊரில் இல்லாத நேரத்தில் பாத்தியில் விஷச்செடி புகுந்துவிட்டதே என்று அவர்களுக்கு மனசு கேட்கவில்லை. கூலிக்கு இல்லாமல், உதவியாக, முள்ளை விலக்கி உள்ளே போய் ஒன்று விடாமல் வேரோடு பிடுங்கிக் கொளுத்தினார்கள். மறுபடி முளைக்காதபடி முழங்கால் உயரத்துக்குக் காப்பித் தொலியைக் கொட்டி மூடினார்கள்.

ரைட்டர் சம்சாரத்தோடு பஸ்சிலிருந்து இறங்கியபோது நானும் அங்கே இருந்தேன். பெண்கள் ஓடி வந்தார்கள்.

"ஏனுங்க ரைட்டரே, உங்க பாத்தி முச்சூடும் வெசச்செடிங்க. நாங்கதானுங்க ஒண்ணுவிடாமப் புடுங்கித் தீ வெச்சோம்."

அவர் பாத்தியைப் பார்த்தார். பிறகு அவர்கள் முகத்தைப் பார்த்தார். "நொம்ப சந்தோசமுங்க" என்றார். கெட்டிலையும் பையையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

எனக்கு விஷயத்தைச் சொன்னது அந்த அம்மாதான். "அது களை இல்ல கண்ணு, நம்ம செடிதான். சொன்னா அந்தப் பொம்பளைங்க மனசு ஒடிஞ்சு போயிருமின்னு வாயைத் தொறக்க மாட்டேங்கறாரு."

"விதை இருக்குமே?"

"எங்க கண்ணு! அதுவே உதுந்து அதுவே மொளைக்கும். தனியா எடுத்து வெச்சதே இல்ல. டப்பாவுல இருக்கறது எனக்குன்னு வறுத்துப் பொடிச்ச பூவு, மொளைக்காது, பொங்கல் வரைக்கும் வந்தாப் பெருசு. அப்பறம் இந்த வவுத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ணறதுன்னு தெரியல."

மறுநாள் ரைட்டர் வீடு வீடாகக் கிளம்பினார். வறுக்காமல் கொடுத்த காய்ந்த பூவுக்குள் விதை இருக்கும், யாரிடமாவது ஒரு சிட்டிகை மிச்சமிருந்தால் மறுபடி முளைக்கவைத்துவிடலாம் என்பது கணக்கு. என் வாசலிலும் வந்து நின்றார்.

"டீச்சர், போன தடவை குடுத்த பொட்டலத்துல ஏதாச்சும் மிச்சம் இருக்குங்களா?"

மூன்று வருஷத்துப் பழக்கம், வாய் தானாகப் பேசிற்று. "கடைசித் தூள் வரைக்கும் குடிச்சுட்டேனே ரைட்டர்!"

"அதானுங்க வேணும்" என்று சிரித்தார். "குடிச்சதுதானுங்க முக்கியம். எல்லாருமே மிச்சம் வெக்காமக் குடிச்சுருக்கறாங்க டீச்சர். ஒரு ஊட்டுல கூட இல்லீங்க." அவ்வளவு கவலையிலும் அதில் அவருக்கு ஒரு திருப்தி. எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இவ்வளவு அவமானமாக அதற்கு முன் நான் உணர்ந்ததில்லை.

அவர் கொடுத்த பொட்டலங்களில் ஒன்றைக்கூட நான் குடித்ததில்லை. பிரித்து, சமையலறைக்குப் பின்னால், குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் கொட்டிவிடுவேன். அவர் தலை மறைந்ததும் அங்கே ஓடினேன். குனிந்து பார்த்தேன். கொத்தமல்லியை விட மெல்லிய இலையோடு விரல் உயரத்தில் நாற்றுகள். ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தேன். அந்த வைக்கோல் வாசனை!

சந்தோஷம் ஒரு நிமிஷம்தான். இதைச் சொன்னால், மூன்று வருஷமாகப் புளுகினேன் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளைப் பொய் சொன்னதற்காகப் பெஞ்சு மேல் ஏற்றுகிறவள் நான். தானாக முளைத்ததாகச் சொல்லிவிடலாமா, பறவை கொண்டுவந்து போட்டதாகச் சொல்லலாமா என்றெல்லாம் யோசித்தேன். கடைசியில் போய்ச் சொன்னேன்.

"ரைட்டர், என் வீட்டுக்குப் பின்னால உங்க செடி இருக்கு. நான் எதையும் குடிக்கல. எல்லாத்தையும் கொட்டிட்டேன்."

அவர் ஒரு சின்னக் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். நாற்றுகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். திட்டப்போகிறார், திட்டட்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன். அண்ணாந்து வெயில் வருகிற திசையைப் பார்த்தார், ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், கொட்டுனது கொட்டுனீங்க, நல்ல எடமாப் பாத்துக் கொட்டியிருக்கறீங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. டீச்சரே ஒப்புக்கொண்டுவிட்டாள் என்றதும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டே வந்து, தன் வீட்டுக் குப்பைக்குழி ஓரத்தைக் காட்டினார். வாட்ச்மேன் வீட்டில் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. மேனேஜர் வீட்டு ஜன்னலுக்குக் கீழேதான் புதராக மண்டிக் கிடந்தது. பழைய மேனேஜரும் குடித்துவிட்டதாகத்தான் சொல்லிவந்தாராம். விஷயம் தெரிந்த களை எடுக்கிற பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு, அவர்களே மண்ணோடு பெயர்த்து, தொலியை வாரிவிட்டுப் பாத்தியில் நட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். ரைட்டர் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டப்பாவில் அடித்தூள் தீர்கிற வாரத்தில் பாத்தியில் முதல் பூ வெள்ளையாக விரிந்தது. அந்த அம்மாவுக்கு ஒரு வேளை கூடத் தவறவில்லை.

மாசியில் என் வாசலுக்கும் பொட்டலம் வந்தது. இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை. கொடுத்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு இறக்கத்தில் போனார். நான் அடுப்பில் தண்ணீர் வைத்து, பூவைப் போட்டு, ஒரு டம்ளர் நிறைய வடிகட்டி எடுத்தேன். ருசி அன்றைக்கும் அதே வைக்கோல்தான். அவர் வளைவில் திரும்பிப் போய்விட்டார், வாசலில் யாருமே இல்லை. நான் முழுக்கக் குடித்தேன்.