பேப்பர் மிஸ்ஸியும் என் இடது காலும்

ஐயா, அம்மா, இதை வாசிக்கும் தங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். கேமரன் மலையில் ஒரு வரிகூடப் படிக்காமல் மிக அதிகமான தமிழ்ப் பத்திரிகைகளைச் செலவழித்தவர் யார் என்று என்னைக் கேட்டால், சற்றும் தயங்காமல் பேப்பர் மிஸ்ஸி என்று சொல்வேன். பழைய பேப்பர் வியாபாரிகளெல்லாம் அவருக்கு அடுத்தபடிதான்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தாதியரை மிஸ்ஸி என்றே அழைப்போம். இவர் அரசாங்க கிளினிக்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, நடக்க இயலாதவர்களை லயத்து வரிசை வீடுகளிலேயே கவனித்துச் செல்பவர். அவருடைய உண்மைப் பெயர் சட்டையில் குத்தியிருந்த பட்டையில் தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. அதை வாசித்தவர்களும் பேப்பர் மிஸ்ஸி என்றே அழைத்தார்கள்.

நான் தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலை உலர்த்தும் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இனிப்பு நீர் வியாதி என் இடது காலின் சுண்டு விரலை ஏற்கெனவே வாங்கிக்கொண்டுவிட்டது. பாதத்தில் புண் மிச்சமிருந்தது. அந்தப் புண்ணில் இனி ஒரு முறை கிருமி ஏறினால் கணுக்காலோடு எடுத்துவிட வேண்டியதுதான் என்று தானா ராத்தா மருத்துவமனை டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஒன்றுவிட்டு ஒரு நாள் புண்ணைத் துடைத்துக் கட்டுவதற்கென்று மிஸ்ஸி எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கியது அப்படித்தான்.

முதல் நாள் வாசலில் நின்றபடியே வீட்டைப் பார்வையிட்டார். கோழி வெளியே போயிற்று. நாய் வெளியே போயிற்று. என் கட்டிலில் உட்கார்ந்து நலம் விசாரித்துக்கொண்டிருந்த அண்டை வீட்டார் நால்வரும் அதே வழியில் போனார்கள். பிறகு தம் கறுப்புப் பையை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. என் துணைவியார் புதுத் துண்டு விரித்த நாற்காலியைக் காட்டினார். அது வேண்டாம், பேப்பர் வேண்டும் என்றார் மிஸ்ஸி. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தோம்.

"இது கரப்பான் நடந்த பேப்பர். இன்னைக்கு வந்தது குடுங்கம்மா. நடு ஏடு."

இன்றைய பேப்பர் என் கையில் இருந்தது. ரொட்டிக்காரர் மோட்டாரில் கொண்டுவந்து கொடுத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் அதிக காலம் இருந்தவனல்லன். கடையில் பருப்பு கட்டிக் கொடுத்த பொட்டலத் தாள்களைப் பிரித்துப் பிரித்தே வாசிக்கப் பழகினேன். அப்படிப்பட்டவன் கையிலிருந்து, பிரிக்காத நடு ஏட்டை உருவி, முக்காலியில் விரித்து, அதன் மேல் பையை வைத்தார் அந்த அம்மையார். பல வீடுகளுக்குப் போய்வரும் பை அது. அந்த வீட்டுக் கிருமி இங்கே இறங்கக்கூடாது, இங்குள்ளது அடுத்த வீட்டுக்கு ஏறக்கூடாது என்பது அவர் சொன்ன நியாயம். நியாயம் சரிதான். ஆனால் அதில் தலையங்கம் இருந்தது.

அடுத்தது கை கழுவும் வைபவம். எங்கள் மலையின் குழாய்த் தண்ணீர் காலை வேளையில் எலும்பைத் தொட்டுவிட்டுத்தான் வரும். நாங்கள் முகம் கழுவவே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். மிஸ்ஸியோ விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாகச் சோப்பு போட்டுத் தேய்ப்பார். கழுவி முடித்ததும் துடைக்கத் துண்டு நீட்டினால் வாங்கமாட்டார். நனைந்த காக்கை சிறகை உதறுவதுபோல் இரு கைகளையும் உதறிக்கொண்டு, தாம் கொண்டுவந்த தாளில் துடைத்துக்கொள்வார். பெட்டியில் பத்திரமாக இருந்த துண்டு அவமானப்பட்டுத் திரும்பியது.

துண்டையாவது பொறுக்கலாம். தேயிலைத் தோட்டத்தில் தேநீரை மறுப்பதை எப்படிப் பொறுப்பது? வந்தவுடன் கொடுத்தால், கையைக் கழுவிவிட்டேன், கிளாஸைத் தொட்டால் மறுபடி கழுவ வேண்டும் என்பார். கட்டு போட்டு முடித்தபின் கொடுத்தால், இப்போதுதானே கழுவினேன் என்பார். இந்த மனுஷி தேநீர் குடிக்க வேண்டுமானால் முதலில் எங்கேயாவது போய்க் கையை அழுக்காக்கிக்கொண்டு வரவேண்டும் என்று என் துணைவியார் லயம் முழுவதும் சொல்லி வைத்தார்.

மிஸ்ஸிக்குச் சரியான எதிராளி எங்கள் கோயில் பூசாரிதான். என்னோடு ஒரே நிரையில் கொழுந்து பறித்து வளர்ந்தவர். தினமும் மாரியம்மனுக்குப் பூசை முடித்து, கையில் விபூதியோடு வந்து, கட்டைச் சற்று விலக்கி, புண்ணைச் சுற்றி ஒரு வட்டம் பூசிவிட்டுப் போவார். அன்போடு செய்ததுதான். ஒரு நாள் மிஸ்ஸி அதை நேரில் பார்த்துவிட்டார்.

"பூசாரியண்ணே, விபூதிய நெத்தியில வைங்க. புண்ணு நெத்தியில இல்ல."

"கொஞ்சம்தான் லா மிஸ்ஸி. ஆத்தா விபூதியில கிருமி இருக்குமா?"

"விபூதியில இருக்கான்னு எனக்குத் தெரியாது. உங்க கையில இருக்கு."

பூசாரி அன்று முதல் எங்கள் வீட்டுக்குள் காலடி வைக்கவில்லை. ஆனால் வாசலோடு கோபித்துக்கொள்ளவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்தபடி என் நெற்றியைக் குறிபார்த்து விபூதியை ஊதிவிட்டு, தோட்டத்துச் செய்திகளையெல்லாம் உரக்கச் சொல்லிவிட்டுப் போவார்.

இனி என் வாசிப்பின் கதியைச் சொல்கிறேன். பழைய கட்டைப் பிரித்துப் புண்ணைத் துடைக்கும்போது, ஆண்மகன் என்று பாராமல் கண்ணீர் வந்துவிடும். அந்த நேரத்தில் பார்வையை வேறெங்கும் வைக்க முடியாமல் முக்காலியில் விரித்த பேப்பரில் வைப்பேன். பையைச் சுற்றி மிஞ்சிய இடங்களில் செய்தி கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும். ஓர் அமைச்சர் முக்கியமான ஒன்றை அறிவித்திருப்பார். அறிவித்தது பைக்கு அடியில் இருக்கும். கோசு விலை தெரியும்; ஏறிற்றா இறங்கிற்றா என்பது தெரியாது. ஒரு மரண அறிவிப்பில் இறந்தவரின் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் அனைவரையும் படித்துவிட்டேன். இறந்தவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பையைச் சற்று நகர்த்தும்படி ஒரு முறை கேட்டேன்.

"பை இருக்குற எடத்துல இருக்கட்டும் ஐயா. காலை ஆட்டாதீங்க."

வேலை முடிந்ததும் பேப்பரை உள்பக்கமாக மடித்து, கழிவுப் பையில் போட்டு முடிச்சிட்டுவிடுவார். பிரேதத்தைப் பார்ப்பதுபோல் நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இவ்வாறு புண் ஓரளவு சிறுத்துவந்த காலத்தில், ஒரு மழைநாள் காலை, மிஸ்ஸி மோட்டாரை நிறுத்திவிட்டு முற்றத்துக்கு வந்தார். வந்தவர் தும்மினார். இன்னொரு முறையும் தும்மினார். சுவரில் முட்டியவர்போல் அங்கேயே நின்றுவிட்டார்.

படிக்கட்டில் இருந்த பூசாரி எழுந்தார். "மிஸ்ஸி, கோவிச்சுக்காதீங்க. தும்முன காலோட வீட்டுக்குள்ள போவக்கூடாது."

"அதத்தான் அண்ணே நானும் சொல்றேன். நான் உள்ள வரமாட்டேன்."

அவர்கள் இருவரும் ஒரே கருத்தைச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை. காரணங்கள்தாம் வேறு. ஆனால் என் காலின் நிலை சிரிக்கும்படியாக இல்லை. முந்தைய இரவில் கட்டு நனைந்து, நாற்றம் காட்டத் தொடங்கியிருந்தது. மறுநாள்வரை விட்டால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். வேறு மிஸ்ஸியைக் கூப்பிடலாமென்றால் எங்கள் லயத்தில் போன் லைன் கோயிலுக்குப் பின்னால் மட்டும்தான் கிடைக்கும்; அதுவும் மழையில் கிடைக்காது. மகன் தொழிற்சாலையில் இருந்தான். துணைவியாருக்கோ கண் அறுவை முடிந்து ஒரு கண்ணில் மூடி. மிஸ்ஸி முகமூடியை அணிந்துகொண்டு, கைகளில் மருந்து தேய்த்து, ஜன்னலுக்கு வெளியே போய் நின்றார். பூசாரியைப் பார்த்தார்.

"நீங்கதான் செய்யணும். நான் இங்கேருந்து சொல்றேன்."

பூசாரி குழாயடியில் கை கழுவினார். போதாது என்றார் மிஸ்ஸி. மீண்டும் கழுவினார். நகத்தைப் பாருங்கள் என்றார். மூன்றாம் முறை கழுவியபோது, இந்தக் கையோடு ஆத்தாளையே தூக்கலாம் என்று பூசாரி முணுமுணுத்தார். துணைவியார் முக்காலியில் அன்றைய பேப்பரை விரித்தார். ஜன்னல் வழியே மருந்துப் பொட்டலமும் புது முகமூடி ஒன்றும் வந்தன. முகமூடியைப் பூசாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் கோயிலில் அம்மனுக்கு வாய்கட்டிப் பூசை. பூசாரியின் மூச்சுக்காற்று அம்மன்மேல் படாதபடி மஞ்சள் துணியால் வாயைக் கட்டிக்கொண்டுதான் அபிஷேகம் செய்வார்.

"ஓ, வாய்கட்டா," என்றார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல, மிஸ்ஸி."

அதன்பின் அவருக்கு எதையும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. பேசவில்லை, தலையைச் சொறியவில்லை, கதவைத் தொடவில்லை. மருந்துப் பொட்டலத்தை ஓரம் மட்டும் பிடித்துத் திறந்தார். வெளியே மிஸ்ஸி மழையில் நனைந்தபடி, தும்மல் வரும்போதெல்லாம் முதுகைக் காட்டித் திரும்பி நின்று தும்மிவிட்டு, மறுபடியும் ஜன்னல் கம்பியருகே வந்து ஒவ்வொரு படியாகச் சொன்னார். பூசாரி புண்ணருகே கையைக் கொண்டுபோனபோது அவர் குரல் திடீரென்று உயர்ந்தது.

"நில்லுங்கண்ணே. பேப்பர் தலகீழா இருக்கு பாருங்க. அவரு பக்கமாத் திருப்பச் சொல்லுங்க அம்மாவ. இனிமேதான் வலிக்கும். அவருக்குப் படிக்க வேணும்."

என் துணைவியார் முக்காலியோடு பேப்பரைத் திருப்பினார். எழுத்துகள் என்னைப் பார்த்தன.

அத்தனை மாதங்களில் ஒரு நாளாவது அந்தப் பேப்பர் எனக்குத் தலைகீழாக இருந்ததில்லை. அது தற்செயல் என்றே நான் எண்ணியிருந்தேன். அன்று என்ன செய்தி வந்திருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, ஓர் எழுத்தும் கண்ணுக்குப் புலப்படவில்லை.

கட்டு முடிந்ததும் துணைவியார் தேநீரை ஜன்னல் திண்டில் வைத்தார். எதையும் தொட வேண்டிய வேலை மிஸ்ஸிக்கு அன்று இருக்கவில்லை. எடுத்து, திரும்பி நின்று குடித்தார்.

கால் தங்கிவிட்டது, ஐயா. அந்தக் காலோடுதான் இவ்வாண்டுத் திருவிழாவில் அம்மன் தேருக்குப் பின்னால் மெல்ல நடந்தேன். மிஸ்ஸி இப்போது திரிங்காப் பக்கத்துக் காய்கறித் தோட்டங்களுக்குப் போய்வருகிறார் என்று கேள்வி. அங்கும் யாருடைய நடு ஏடோ போய்க்கொண்டிருக்கும். இதை அச்சிட்ட பேப்பரின் ஏடும் ஒரு நாள் அவர் பைக்கு அடியில் போகுமானால் எனக்கு வருத்தமில்லை. படுத்திருப்பவர் பக்கமாக விரிக்கத்தான் போகிறார். ஆனால் அவர் இதைப் படிக்கமாட்டார். ஆகையால் ஐயா, அம்மா, தங்களிடம் உள்ள இந்தப் பக்கத்தை மட்டும் எடுத்து வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.