நத்தைக்கு உறவான வினைச்சொல்

‘ஓவர்தார்ப் வார மடல்’ ஆசிரியர் அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் கிளெமென்ட் ஓக்டன் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே மழை. அங்கேயும் மழைதான் என்று நம்புகிறேன். நிற்க.

தங்கள் பத்திரிகையில் ‘சொல்லின் வேர்’ எழுதும் மகானுபாவர் யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். போன மாதம் அவர் ‘மாலிஃபை’ என்ற வினைச்சொல்லை எடுத்துக்கொண்டார். கோபமாக இருப்பவரைச் சாந்தப்படுத்துவது என்று பொருளாம். மென்மை என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். அந்தக் காலத்து வைத்தியர்கள் இறுகிப்போன கட்டியைக்கூட ‘மாலிஃபை’ செய்து இளக்கினார்களாம். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மெத்தென்ற உடம்புள்ள நத்தை இனத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த ‘மாலஸ்க்’ என்ற பெயருக்கும் அதே வேர்தான் என்று கடைசியில் ஒரு கொசுறு போட்டாரே, அதுதான் என் குடியைக் கெடுத்தது.

பக்கத்து வீட்டில் இருப்பவர் திருமதி எனிட் ராம்ஸ்டன். என் மனைவி காலமான பிறகு ஞாயிறு மதியம் எனக்கு அவர் வீட்டில்தான் சாப்பாடு. வாட்டிய மாட்டிறைச்சி, யார்க்‌ஷயர் புட்டிங், கூடவே வாரம் பூராவுக்குமான பேச்சு. என் முட்டைக்கோசுப் பாத்தியில் நத்தை அகப்பட்டால் வேலிக்கு அப்பால் வீசிவிடுவேன். இந்த ஊரில் வீசாதவர் யார்? கொல்ல மனம் வராது, அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு வீசியது நேராக அவர் தொப்பியில் போய் உட்கார்ந்துவிட்டது. பூக்கண்காட்சிக்கென்று வளர்த்த டேலியாச் செடிகள் மொட்டையானது எப்படி என்று அந்த நொடியே அவருக்கு விளங்கிவிட்டது. சமாதானம் பேசப் போனேன். தங்களிடம் கற்ற சொல்லோடு போனேன்.

“மிஸஸ் ராம்ஸ்டன், உங்கள மாலிஃபை பண்ணத்தான் வந்திருக்கேன்.”

அவரும் தங்கள் சந்தாதாரர் என்பது எனக்கு உறைக்கவில்லை.

“ஓஹோ! அப்ப நான் யாரு, கட்டியா, நத்தையா? சொல்லிட்டுப் போங்க மிஸ்டர் ஓக்டன்!”

“ஐயோ, வேர் மட்டும்தாங்க ஒண்ணு...”

“வேரா? என் டேலியாவுக்கு வேராவது மிச்சம் வச்சீங்களா? இனிமே ஞாயித்துக்கிழமைச் சாப்பாட்ட நீங்களே பாத்துக்குங்க!”

கதவு என் மூக்கின்மேல் சாத்தப்பட்டது. அன்றிலிருந்து பேச்சில்லை. ஞாயிறன்று டப்பா பீன்ஸைச் சூடாக்கி, சுவரைப் பார்த்துக்கொண்டு தின்றேன். அழுகையே வந்துவிட்டது. அவர் பேசாவிட்டால் இந்த ஊரில் நான் யாரிடம்தான் பேசுவது? ஆகவே, நத்தைக்கும் அந்தச் சொல்லுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று வரும் இதழின் முதல் பக்கத்தில் மறுப்பு வெளியிட வேண்டும். அது உண்மையா பொய்யா என்பதைப் பற்றி எனக்கு அக்கறையில்லை.

தங்கள் குடும்பத்தாருக்கும், வேர் நிபுணர் நீங்கலாக அலுவலகத்தார் அனைவருக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
கிளெமென்ட் ஓக்டன்

பி.கு.: மறுப்பு வேண்டாம். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் திருமதி ராம்ஸ்டன் ஜன்னலைத் தட்டினார். “மனசு கேக்கல மிஸ்டர் ஓக்டன். அந்த நத்தையெல்லாம் மொதல்ல என்னோடதுதான். வருஷக்கணக்கா நான்தான் உங்க பக்கம் வீசிக்கிட்டிருந்தேன்.” போன முட்டைக்கோசையெல்லாம் நினைத்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கதவைத் தாழிட்டுவிட்டேன். வாசலில் சுடச்சுட ஆப்பிள் கேக்கோடு நிற்கிறார். என்னை மாலிஃபை பண்ணாமல் போவதாக இல்லையாம். இதில் நத்தை யார், கட்டி யார் என்று தங்கள் நிபுணரைக் கேட்டுவிட்டுத் திறக்கத்தான் நினைத்தேன். பதில் வருவதற்குள் கேக் ஆறிவிடும். திறந்துவிட்டேன். எனிட் எனக்குப் பெரிய துண்டாக வெட்டிக்கொண்டிருக்கிறாள்.