எம்.டி. வாங்கினால் டாக்டர் வாங்குவார்

நாற்காலி மறுபடியும் இறங்க ஆரம்பித்தது.

வாயை ஆவென்று திறந்தபடி நோயாளி மெல்ல மெல்லக் கீழே போய்க்கொண்டிருந்தார். பல் டாக்டரும் கையில் கருவியுடன் அவரைத் தொடர்ந்து குனிந்துகொண்டே போனார். இருவரும் பாதி வழியில் இருந்தபோது டாக்டரின் சட்டைப்பையில் போன் 'டிங்' என்றது.

டாக்டர் கருவியை நிறுத்தினார். கையுறையைக் கழற்றிவிட்டுப் போனைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"எம்.டி. மறுபடி வாங்கிட்டார்!"

"ஆ?" என்றார் நோயாளி. அந்த நிலையில் அவரால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

"அப்படியே இருங்க சார், ஒரே நிமிஷம்."

ஜன்னலோரம் போய் நின்று, தானும் கொஞ்சம் பங்குகளை வாங்கிவிட்டுத் திரும்பியபோது நாற்காலி தரையைத் தொட்டிருந்தது. மீதி வேலையை டாக்டர் மண்டியிட்டு முடித்தார்.

ஒரு கம்பெனியை நடத்துகிறவர் தன் கம்பெனிப் பங்கைத் தானே வாங்கினால், பங்குச் சந்தைக்கு உடனே தெரிவித்தாக வேண்டும். சந்தை அதைத் தன் இணையதளத்தில் போட்டுவிடும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். டாக்டர் பார்த்தார். தண்ணீர் பம்ப் தயாரிக்கும் சிறிய கம்பெனி ஒன்றின் நிர்வாக இயக்குநர், அதாவது எம்.டி., சொந்தப் பணத்தில் சொந்தப் பங்கை அள்ளிக்கொண்டிருப்பதைக் கண்டார். அன்று பிடித்த பக்திதான்.

"சமையல்காரன் தான் சமைச்சதைத் தானே சாப்பிடறான்னா என்ன அர்த்தம்? அந்த ஓட்டலை நம்பலாம்னு அர்த்தம்" என்று மனைவிக்கு விளக்கினார்.

டாக்டரின் மனைவிதான் வரவேற்பு மேஜையில் இருப்பவர். போன் எடுப்பது, நேரம் கொடுப்பது, பயந்து ஓடப் பார்க்கிறவர்களைப் பிடித்து உட்காரவைப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

"வெளியில போய்ச் சாப்பிட அவன்கிட்ட காசில்லாமலும் இருக்கலாம்ல?" என்றார் அவர்.

டாக்டர் இந்தக் கேள்வியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புது நாற்காலி வாங்க வைத்திருந்த பணத்தைப் பம்ப் கம்பெனியில் போட்டார். விலை இறங்கியது.

"இறங்கியிருக்கேங்க?"

"இறங்கியிருக்கு. ஆனா எம்.டி. மறுபடியும் வாங்கியிருக்கார். கொஞ்சமாவது பதறினாரா பாரு, மனுஷன்!"

"அவர் பதறலை. நம்ம பேஷண்ட்தான் பதறுறாங்க. நேத்து ஒருத்தர் நாற்காலி இறங்கறப்ப என் கையைப் புடிச்சுக்கிட்டார்."

டாக்டர் காரிலிருந்த ஜாக்கியைக் கொண்டுவந்து நாற்காலிக்கு அடியில் கொடுத்தார். நாற்காலி உயர்ந்தது, ஆனால் ஒரு பக்கம் மட்டும். அன்று வந்த வக்கீலின் தலை கீழேயும் கால் மேலேயும் போய், பையிலிருந்த சாவி, பேனா, மூக்குக்கண்ணாடி எல்லாம் அவர் முகத்திலேயே விழுந்தன. அவர் மீதிப் பல்லைத் தெருவின் எதிர்வரிசையில் இருக்கும் பல் டாக்டரிடம் காட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். எதிர்வரிசை டாக்டரிடம் பொத்தானை அமுக்கினால் ஏறி இறங்கும் நாற்காலி இருந்தது.

சாய்வை நிமிர்த்த மறுபக்கம் எதையாவது முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. பம்ப் கம்பெனியின் ஆண்டறிக்கைகள் கைக்கு வந்தன. கெட்டி அட்டை, பளபளப்பான தாள். பம்ப் தயாரிப்பதில் காட்டாத அக்கறையைக் கம்பெனி அதில் காட்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் எம்.டி. கைகளைக் கட்டிக்கொண்டு, பம்ப் ஒன்றின் பக்கத்தில் நின்று, வெகுதூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே என்ன தெரிந்தது என்று அறிக்கையில் எங்கேயும் சொல்லப்படவில்லை.

எம்.டி. மேலும் வாங்கினார். டாக்டர் எக்ஸ்ரே மெஷினை விற்றார்.

"யார் வாங்கினாங்க?" என்றார் மனைவி.

"அதெதுக்கு இப்ப?"

"யாருங்க?"

"எதிர்வரிசைக்காரர்தான்."

மனைவி, "நல்லது. நம்ம பேஷண்ட் எல்லாம் போற இடத்துக்கே மெஷினும் போயிடுச்சு. நீங்களும் போயிட்டா நான் கதவைப் பூட்டிடுவேன்" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு திங்கட்கிழமை காலை வாசலில் நீளமான கார் வந்து நின்றது. இறங்கியவர் கைகளைக் கட்டிக்கொண்டு கிளினிக்கின் பெயர்ப்பலகைக்கு அப்பால் வெகுதூரத்தைப் பார்த்தார். டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாட்சாத் எம்.டி.!

"பல்வலி" என்றார் எம்.டி.

"எந்தப் பல் சார்?"

எம்.டி. யோசித்தார். "இந்தப் பக்கம். இல்ல, அந்தப் பக்கம். பொதுவா வலி."

டாக்டர் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். இப்படிக் குறையே இல்லாத வரிசையை அவர் பாடப்புத்தகத்தில்தான் கண்டிருக்கிறார். பல்லில் கூட என்ன நிர்வாகம் என்று வியந்தார். கேட்க ஆயிரம் கேள்விகள் தொண்டையில் முட்டின. ஆனால் கம்பெனி ரகசியத்தை உள்ளே இருப்பவரிடம் கேட்டு வாங்கிப் பங்கு வாங்குவது சட்டப்படி குற்றம். ஆகவே வெயிலைப் பற்றிப் பேசினார்.

"எக்ஸ்ரே எடுக்கலியா?" என்றார் எம்.டி.

"தேவையில்ல சார்" என்றார், விற்றுவிட்ட டாக்டர். "உள்ள என்ன இருக்குன்னு வெளியில இருந்தே எனக்குத் தெரிஞ்சுடும்."

எம்.டி. அவரைக் கூர்ந்து பார்த்தார்.

"தொழில் எப்படிப் போகுது டாக்டர்?"

"நம்பிக்கை இருக்கு சார்."

"எதுல?"

"பொதுவா."

நாற்காலி ஒரு முனகலுடன் இறங்க, எம்.டி. பக்கவாட்டில் தலையைச் சாய்த்துக் கீழே பார்த்தார். முட்டிலிருந்து நழுவி விரிந்து கிடந்த அறிக்கையிலிருந்து தம் முகமே தம்மைப் பார்ப்பதைக் கண்டார். விரிந்திருந்த பக்கங்களில் சிவப்பு மையில் அடிக்கோடுகள்.

"இதையெல்லாம் படிச்சீங்களா?"

டாக்டருக்கு வெட்கமாகப் போயிற்று. "வரி வரியா, சார்."

"முழுசாவா?"

"அடிக்குறிப்பு உள்பட."

எம்.டி.யின் வாய், டாக்டர் சொல்லாமலே திறந்துகொண்டது. அந்த அறிக்கையை முழுதாகப் படித்த ஒரு மனிதரை அவர் இதுவரை சந்தித்ததே இல்லை. அதில் கையெழுத்துப் போட்டவர்களையும் சேர்த்துத்தான்.

"பல்லுல ஒண்ணும் இல்லை, போயிட்டு வாங்க" என்று டாக்டர் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொன்னால் அவர் போய்விடுவாரே! "கவனிச்சுக்கிட்டே இருக்கணும் சார். அடுத்த வாரம் வாங்க" என்றார் டாக்டர், கட்டணம் வாங்காமல்.

"கட்டாயம் வர்றேன்" என்றார் எம்.டி., எந்த நோயாளியும் காட்டாத உற்சாகத்துடன்.

இரண்டே நாளில் 'டிங்'. எம்.டி. முன்னெப்போதையும்விட அதிகமாக வாங்கியிருந்தார்.

"பார்த்தியா! இங்கிருந்து நேரா போய் வாங்கியிருக்கார்! எவ்வளவு உறுதி, எவ்வளவு தெளிவு!"

"இன்னும் விக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றார் மனைவி.

டாக்டரின் பார்வை வரவேற்பறை சோபாவின் மேல் போய் விழுந்தது. மனைவி அதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து சோபாவை மறித்து நின்றார். அப்படியும் தடுக்க முடியவில்லை. அடுத்த வாரம் முதல் வந்தவர்கள் நின்றுகொண்டே காத்திருந்தார்கள். விலை இன்னும் இறங்கியது. வருகிறவர்களும் குறைந்தார்கள். எம்.டி. மட்டும் வாராவாரம் தவறாமல் வந்து, நாற்காலியில் படுத்து, இறங்கி, எழுந்து போனார். 'வாய் நாறினாலும் நாறட்டும், மனசு எவ்வளவு பெரிசு' என்று டாக்டர் நினைத்துக்கொள்வதற்குக்கூட வழியில்லை. எம்.டி.யின் வாயும் மணந்தது.

நான்காவது வாரம். எம்.டி. உள்ளே நாற்காலியில் இருந்தார். 'டிங்.'

டாக்டர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வரவேற்பறைக்கு ஓடிவந்தார். குரலைத் தாழ்த்தி, "நேத்தும் வாங்கியிருக்கார்! உன் பேர்ல இருக்கற டெபாசிட்டைக் கொடு. இதுதான் கடைசி" என்றார்.

"அது நாற்காலிக்குன்னு நான் தனியா சேர்த்தது. இதுவும் போச்சுன்னா கடையை மூட வேண்டியதுதான்."

"உள்ள படுத்திருக்கிறவரைப் போய்ப் பாரு! அந்த முகத்துல ஒரு கவலை இருக்கா? விஷயம் தெரிஞ்சவர் முகம் அது!"

உள்ளிருந்து நாற்காலி இறங்கும் முனகல் கேட்டது. மனைவி கணவரைப் பார்த்தார். இத்தனை நம்பிக்கையை ஒரு மனிதர்மேல் வைக்க முடிகிறதே என்று அவருக்கும் ஒரு கணம் மனம் இளகியது. பெருமூச்சுவிட்டு, போனை எடுத்து, பணம் அனுப்பும் பக்கத்தைத் திறந்தார். விரலைப் பொத்தானருகே கொண்டுபோனவர், நிறுத்தினார்.

சோபா இல்லாததால் மேஜைமேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்த எம்.டி.யின் டிரைவர் பக்கம் திரும்பினார்.

"ஏம்பா, கேக்கணும்னு இருந்தேன். உங்க ஐயாவுக்கு உண்மையில எந்தப் பல்லுதான் வலிக்குது?"

"பல்லா?" என்று சிரித்தார் டிரைவர். "அவருக்குப் பல்லுல ஒரு கோளாறும் இல்லம்மா. கம்பெனி எங்க போகுதுன்னு ஐயாவுக்கே ஒண்ணும் புரியலை. பங்கு வாங்கினவங்க பட்டியல்ல உங்க டாக்டர் பேரைப் பார்த்துட்டு, 'விஷயம் தெரியாம ஒருத்தர் இப்படி வாங்குவாரா'ன்னு, வாராவாரம் வந்து அவர் முகத்தைப் பார்த்துட்டுப் போய், டாக்டர் வாங்கறப்பல்லாம் அவரும் வாங்கிக்கிட்டிருக்கார்!"