எல்டன் தோண்டிய குழிகள்

செப்டிக் டாங்க்கைத் தேடித் தோண்டிய முதல் குழியில் கிடைத்தது, பதினோரு வருடம் முன்பு புதைத்த நாயின் எலும்பு. அவர் மனைவி மார்லிஸ் அரை மணி நேரம் அழுதாள்.

"புல்லு பச்சையா இருக்கிற இடத்துலதானே டாங்க் இருக்கும்," என்றார் எல்டன் ஷ்ரோக், மண்ணைத் திரும்பத் தள்ளியபடி.

"நாய் இருந்தாலும் பச்சையாத்தான் இருக்கும்." மார்லிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வராரு. டாங்க்கைக் காட்டலைன்னா சர்டிஃபிகேட் கிடையாது, வீட்டை விக்க முடியாது. நம்ம பொண்ணு தெருவுல பார்த்து வச்ச வீடும் போச்சு. இந்த விதியைக் கொண்டு வந்த புண்ணியவான் யாரோ?"

புண்ணியவான் இன்னும் வேகமாக மண்ணைத் தள்ளினார். கவுண்டி என்கிற அந்த மாவட்டத்தின் சுகாதார வாரியத்தில் ஒன்பது வருட உறுப்பினர் அவர். வீடு விற்றாலும் சரி, புகார் வந்தாலும் சரி, டாங்க் சோதனை கட்டாயம், கட்டணம் இரட்டிப்பு என்ற தீர்மானத்துக்கு முதலில் எழுந்த கை அவருடையது. காரணம், பக்கத்து வீட்டு லவோன். தனியாக இருக்கும் அந்த விதவையின் தோட்டம் வசந்தம் வந்தாலே நாறும். அவள் மேல் மூன்று புகார் எழுதியிருந்தார்.

தன் டாங்க் எங்கே என்பதுதான் தெரியவில்லை. அவருடைய அப்பாவும் லவோனின் மாமனாரும் இணைபிரியாத தோழர்கள். ஒரே கோடையில் தாங்களே இரண்டு வீடுகளையும் கட்டினார்கள். ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதிவைக்கவில்லை.

அடுத்தது கம்பி. சட்டை மாட்டும் கம்பிகள் இரண்டை வளைத்துக் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு தோட்டத்தில் நடந்தார். அந்தப் பக்கத்தில் கிணற்றுக்கு இடம் பார்ப்பதும் இப்படித்தான். மார்லிஸின் பியோனிப் பூச்செடிகளுக்கு மேல் கம்பிகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன.

"அங்க வேணாம், எல்டன்."

"கம்பி பொய் சொல்லாது."

கம்பி பொய் சொல்லவில்லை. கீழே தண்ணீர்க் குழாய் இருந்தது. மண்வெட்டி பட்டதும் பியோனிகள் மிதந்தன. மோட்டாரை நிறுத்த வேண்டியதாயிற்று. வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

மிச்சம் ஒரே வழி. கழிப்பறையில் பச்சைச் சாயம் ஊற்றிவிட்டால், எங்கே கசிகிறதோ அங்கே டாங்க். ஆனால் ஊற்றித் தள்ளத் தண்ணீர் வேண்டுமே. எல்டன் வாளிகளோடு வேலியோரம் போய் நின்றார்.

"லவோன், கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

"குடிக்கவா?"

"கக்கூஸுக்கு."

"எடுத்துக்கோ. எனக்கு இன்னைக்கு டாங்க் காலி பண்ற லாரி வருது. உன் வாரியம் மறுபடியும் நோட்டீஸ் அனுப்பியிருக்கே."

எல்டனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. "விதின்னா விதிதானே," என்றார் மெல்ல.

"அதான் நீயும் வாளியோட நிக்கிறே."

இரண்டு ஸ்பூன் ஊற்ற வேண்டிய சாயத்தைப் பாட்டிலோடு கவிழ்த்தார். எட்டு வாளித் தண்ணீர் ஊற்றினார். கைகள் முழங்கை வரை பச்சையாயின. தோட்டத்தில் ஒரு பொட்டுப் பச்சை இல்லை. மார்லிஸ் மகளுக்குப் போன் செய்து, அந்த வீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல் என்று விசும்பினாள்.

அப்போது லவோன் வீட்டுக்கு லாரி வந்தது. நொந்து போயிருந்தாலும் வாரிய உறுப்பினர் அல்லவா? வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க எல்டன் வேலியைத் தாண்டிப் போனார்.

லாரிக்கார ட்வைட் மூடியைத் தூக்கினான். உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு எல்டனின் கைகளைப் பார்த்தான். டாங்க் முழுவதும் பளீரென்ற பச்சை.

"மேடம்," என்றான் லவோனிடம், "ஒத்தை ஆளு வீட்டு டாங்க் எப்படி வருஷா வருஷம் ரொம்பி வழியுதுன்னு பதினெட்டு வருஷமா மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன்."